ஆர்க்டிக் பாறைகள் உடையும் கதை: ஒரு பாட்டில், கொஞ்சம் பென்சீன், காலியான ஒரு கிராமம்

இன்னைக்கு எபிசோடை என் வீட்டு ஃப்ரீசரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, சீக்கிரம் ஜில்லாகட்டும் என்று ஃப்ரீசரில் வைத்தேன். வைத்ததை மறந்துவிட்டேன். காலையில் திறந்தால் பாட்டில் மூன்று துண்டு. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பத்தை மட்டும் கையில் கொடுத்தார்.

துண்டுகளைப் பொறுக்கும்போது ஸ்கூல் ஜியாகிரபி ஞாபகம் வந்தது. குளிர்ப் பிரதேசங்களில் பாறை எப்படி உடைகிறது? விரிசலில் தண்ணீர் இறங்கும், ராத்திரி உறையும், உறைந்தால் விரியும், பாறை பிளக்கும். ரெண்டு மார்க் கேள்வி. நானும் எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்கேன்.

அந்தப் பதில் முழுத் தப்பு இல்லை. ஆனால் ஆர்க்டிக்கின் பெரிய பாறைச் சுவர்களைப் பொறுத்தவரை அது கதையின் சின்னப் பகுதிதான். மீதிக் கதையைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறு வருடம் ஆனது. அதில் ஒருத்தர் பனியே அதிகம் பார்க்காத ஊர்க்காரர். இன்னொருத்தர் எட்டு வருடம் ஒரே பள்ளத்தாக்கில் கல் எண்ணினார். இதெல்லாம் யாருக்கு வேணும், படிச்சவங்க சண்டைதானே என்று தோணலாம். கடைசியில் ஒரு கிராமத்துக்குப் போவோம். அங்கே நாலு பேர் இறந்துபோனார்கள்.

முதலில் இடத்தைக் கண் முன்னால் கொண்டு வந்துடறேன். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று ஒரு தீவு. அதன் போட்டோ எதையாவது தேடிப் பாருங்க. கடலில் இருந்து நேராக எழும் மலை. மேல் பாதி செங்குத்தான பாறைச் சுவர். கீழ்ப் பாதி முழுக்க உடைந்த கல்லின் சரிவு. மணல் கடிகாரத்தில் கீழே விழுந்த மணல் கூம்பாகச் சேருமே, அதேபோல வரிசையாகக் கற்கூம்புகள். மேலே இருந்தது இவ்வளவும் உடைந்து கீழே வந்திருக்கிறது. மரம் இல்லை, புல் குறைவு, மறைக்க எதுவும் இல்லை. மலை தன் எலும்பை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, குளிர்தான் உடைத்திருக்கிறது என்பது. 1909-இல் வாலெரி வோசின்ஸ்கி என்ற போலந்து ஆய்வாளர் இந்த மாதிரி நிலங்களுக்கு ஒரு பெயரே வைத்தார்: பெரிகிளேசியல். பனியாறுகளின் ஓரத்தில் இருக்கும், பனி மூடாத, ஆனால் கடும் குளிரில் கிடக்கும் நிலம் என்று அர்த்தம். அவர் படித்தது கார்பேத்திய மலைகளின் பழைய கற்குவியல்களை. அடுத்த ஆண்டு, 1910-இல், ஸ்டாக்ஹோமில் உலகப் புவியியல் மாநாடு நடந்தது. அதன் பகுதியாக ஆய்வாளர்கள் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கே கப்பலில் போய் வந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு சந்தேகமே இல்லை. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது, அந்த 9 சதவீதம் மலையை உடைக்கிறது. முடிஞ்சது கதை.

இப்போ என் பாட்டிலுக்குத் திரும்புவோம். அது ஏன் உடைந்தது? ஒன்று, கழுத்து வரை தண்ணீர். இரண்டு, மூடி இறுக்கம். பாதி பாட்டில் தண்ணீர் வைத்திருந்தால் ஐஸ் மேலே இருந்த காலி இடத்துக்கு விரிந்திருக்கும். மூடி இல்லாமல் வைத்திருந்தாலும் பெரும்பாலும் தப்பித்திருக்கும், ஐஸ் வாய் வழியாக மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். 9 சதவீத விரிவு வேலை செய்ய வேண்டும் என்றால் பாத்திரம் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கணும், எல்லாப் பக்கமும் மூடியிருக்கணும்.

பாறை விரிசல் அப்படியா இருக்கு? பெரும்பாலான விரிசல்களுக்கு வாய் திறந்துதான் இருக்கும். தண்ணீரும் முழுக்க நிரம்பியிருப்பது அபூர்வம். இன்னொரு சிக்கல், ராத்திரி உறைவது, பகலில் உருகுவது என்ற ஆட்டம். ஆர்க்டிக்கில் குளிர்காலம் முழுக்க சூரியனே வராது. மாதக்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடக்கும் பாறைக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? அப்படியே தினசரி வெப்பம் ஏறி இறங்கினாலும், அதன் பாதிப்பு பாறையின் மேற்பரப்பில் கொஞ்ச ஆழத்தோடு நின்றுவிடும். ஆனால் அந்த மலையடியில் கிடக்கும் கற்களில் சில, ஒரு கார் அளவு. அவ்வளவு உள்ளே போய் பிளந்தது எது?

இதற்கான முதல் துப்பு அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் கிடைத்தது. குளிர்காலம் வந்ததா போனதா என்றே தெரியாத மாநிலம். அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் டேபர் என்ற புவியியலாளரைக் குடைந்த கேள்வி மலையைப் பற்றியது இல்லை, மண்ணைப் பற்றியது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் ரோடு வீங்கும். தரை பல அங்குலம் எழும்பி, தார் வெடித்து, வசந்தத்தில் சேறாகும். மண்ணில் ஏற்கனவே இருந்த தண்ணீர் 9 சதவீதம் விரிந்தது என்று கணக்குப் போட்டால், அவ்வளவு வீக்கம் வரவே முடியாது. அப்போ கூடுதல் ஐஸ் எங்கிருந்து வந்தது?

டேபர் செய்த சோதனையை நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. தண்ணீரையே எடுத்துவிட்டார். அதற்குப் பதில் பென்சீன் ஊற்றினார். பென்சீன் உறையும்போது விரியாது, சுருங்கும். விரிவுதான் காரணம் என்றால் பென்சீன் ஊறிய மண் எழும்பவே கூடாது, இல்லையா? எழும்பியது. 1929, 1930 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சொன்னது இதுதான்: தூக்குவது உறைதலின் விரிவு இல்லை. உறைந்த பகுதி, உறையாத பகுதியில் இருந்து திரவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே வளர்கிறது. அந்த வளர்ச்சிதான் தூக்குகிறது.

இது எப்படி நடக்கும்? குத்துவிளக்குத் திரியை யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் கீழே, சுடர் மேலே. யாரும் பம்ப் போடவில்லை, திரி தானாக இழுக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் எல்லாத் தண்ணீரும் உறைந்துவிடாது. ஐஸுக்கும் கல்லுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் கொஞ்சம் தண்ணீர் திரவமாகவே மிஞ்சும். அந்தப் படலம்தான் திரி. குளிர் அதிகமான பக்கத்தை நோக்கித் தண்ணீர் நகரும். அங்கே போய் ஐஸோடு சேரும். ஐஸ் மெதுவாகத் தடிக்கும். தடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் தள்ளும். வெடிச்சத்தம் எல்லாம் இல்லை. மாதக்கணக்கில் நடக்கும் ஒரு பிடிவாதம்.

மண்ணுக்குச் சரி, பாறைக்கும் இதுவேயா? இந்தக் கேள்விக்கு விடை வர இன்னும் 50 வருடங்களுக்கு மேல் ஆனது. அதை அப்புறம் சொல்றேன். நடுவில், ஆர்க்டிக்குக்கே நேரில் போய் உட்கார்ந்த ஒருத்தர் இருக்கிறார். இந்த எபிசோடில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

பெயர் ஆண்டர்ஸ் ராப். ஸ்வீடன்காரர். ஸ்வீடனின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, அபிஸ்கோவுக்கு மேற்கே கார்கெவாகே என்று ஒரு பள்ளத்தாக்கு. "வாகே" என்றால் அங்குள்ள சாமி மக்களின் மொழியில் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ராட்சசக் கற்கள், ஒரு ஓடை. 1952-இல் ராப் அங்கே போனார். 1960 வரை போய்க்கொண்டே இருந்தார்.

என்ன செய்தார்? எண்ணினார். வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பனி. மேலே இருந்து ஒரு கல் விழுந்தால் வெள்ளை வேட்டியில் கறை மாதிரித் தெரியும். அந்தப் புதுக் கற்களை எண்ணி, அளந்து, எவ்வளவு உயரத்தில் இருந்து வந்தது என்று குறித்தார். சரிவில் கிடக்கும் கற்களின் குறுக்கே பெயின்டால் கோடு போட்டார். அடுத்த வருடம் வந்து கோடு எவ்வளவு கோணலாகியிருக்கிறது என்று பார்த்தார். பனிச்சரிவு அடித்துக்கொண்டு வந்த மண்ணை அளந்தார். ஓடைத் தண்ணீரை எடுத்து அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சோதித்தார். அதுவரை மலை எப்படித் தேய்கிறது என்பதைப் பலரும் பார்வையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் காரணம் பெரியது, அந்தக் காரணம் சின்னது" என்று. ராப் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் புத்தகம் போட்டார். எத்தனை டன், எத்தனை மீட்டர் நகர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அலகு. அதனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடிந்தது.

1960-இல் முடிவு வந்தது. நான் முதல் தடவை படித்தபோது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் இருந்து அதிகம் பொருளை எடுத்துச் சென்றது விழும் கல் இல்லை. பனிச்சரிவு இல்லை. தண்ணீரில் கரைந்து போன உப்புகள்! அந்த உறையும் குளிரில், ரசாயனம் முதலிடம். அடுத்த இடம் மண்சரிவுகளுக்கு. அதிலும் பெரும்பங்கு 1959 அக்டோபரில் கொட்டிய ஒரே மழையால் வந்தது. கல் விழுவது, நாம் படம் பார்த்ததும் முதலில் நினைப்பது, பட்டியலில் கீழே இருந்தது.

குளிரில் ரசாயன வேலை மந்தமாகத்தானே இருக்கணும்? பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே பள்ளத்தாக்குக்குப் போய் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள பாறையில் பைரைட் இருக்கிறது. பார்க்கத் தங்கம் மாதிரி மின்னி ஏமாற்றும் கனிமம், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காற்றும் தண்ணீரும் பட்டால் அது கந்தக அமிலமாகும். அமிலம் பாறையைக் கரைக்கும். அதாவது மலை தன் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தது.

ராப்பின் இன்னொரு எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும். அந்தப் பாறைச் சுவர்கள் வருடத்துக்கு எவ்வளவு பின்வாங்குகின்றன? 0.04 முதல் 0.15 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். வருடத்துக்கு ஒரு தாள். அங்கே பனியாறு விலகி ஏறக்குறைய 10,000 வருடம் ஆகியிருக்கும். இதே வேகம் என்றால் மொத்தமாக சுவர் பின்வாங்கியது முழங்கால் உயரத்தில் இருந்து, அதிகம் போனால் ஒரு ஆள் உயரத்துக்கும் கீழே.

சரி, பாக்கி வைத்த கேள்வி. பாறைக்குள்ளும் அந்தத் திரி வேலை செய்யுமா? 1985-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோசப் வால்டர், பெர்னார்ட் ஹாலெட் இருவரும் கணக்கு போட்டுக் காட்டினார்கள்: செய்யும். பாறையில் ஏற்கனவே இருக்கும் நுண்ணிய விரிசலுக்குள் ஐஸ் தண்ணீரை இழுத்து வளர்ந்தால், விரிசல் நுனி மெல்ல மெல்ல நீளும். 1991-இல் அதைச் சோதனையிலும் பார்த்தார்கள், இல்லை, கேட்டார்கள் என்று சொல்லணும். மணற்கல் துண்டைக் குளிர்வித்து, ஒலி உணரியைப் பொருத்தி, பாறை உள்ளே விரிசல் விடும் சின்னச் சின்னச் சத்தங்களைப் பதிவு செய்தார்கள். உறைவதும் உருகுவதுமாக மாற்றி மாற்றி விளையாடவில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். அப்போதும் பாறை உடைந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் ஒரு வினோதம். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே என்றால் ஐஸின் இழுவிசை போதாது. ரொம்பக் குளிர் என்றால் அந்தத் தண்ணீர்ப் படலம் மெலிந்து, தண்ணீர் நகரவே முடியாது, திரி காய்ந்துவிடும். நடுவில் ஒரு இடைவெளி. பாறைக்குப் பாறை மாறும், ஆனால் மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். மலைக்கு ஆபத்தானது மைனஸ் 40 இல்லை. நம் வீட்டு ஃப்ரீசரைவிடக் குறைவான குளிர்.

2006-இல் ஜூலியன் மர்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் சகாக்களும் சுண்ணப்பாறைக் கட்டிகளை ஆய்வகத்தில் உறைய வைத்தார்கள். நிஜ ஆர்க்டிக் நிலம் மாதிரியே, அடியில் எப்போதும் உறைந்த பகுதி, மேலே கோடையில் உருகும் பகுதி. கட்டியை அறுத்துப் பார்த்தால், உறைந்த பகுதியின் தலைமாட்டில், அடுக்கடுக்காக ஐஸ் நிரம்பிய விரிசல்கள். உள்ளே, ஆழத்தில். அந்தக் கார் அளவு கல்லுக்கு நியாயமான விளக்கம் கிடைத்தது. என் ரெண்டு மார்க் பதிலுக்கு இப்போ ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கலாம்.

இதுவரை ஐஸ் வில்லன். இப்போ இன்னொரு பக்கம்.

ஆர்க்டிக்கில் வருடம் முழுக்க பூஜ்யத்திலோ அதற்குக் கீழேயோ கிடக்கும் நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம். குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி இருந்தால் அந்தப் பெயர். நமக்கு அது என்றால் சதுப்பு நிலம், மம்மூத் யானை எலும்பு, இதுதான் ஞாபகம் வரும். ஆனால் செங்குத்தான மலைக்குள்ளும் அது இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் ஐஸ் பிளந்த அதே விரிசல்களுக்குள், அதே ஐஸ் உட்கார்ந்திருக்கிறது. பிளந்தவனே இப்போ இரண்டு பக்கத்தையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் விட்டால்?

எல்லாரும் நினைப்பது, ஐஸ் உருகினால்தான் பிரச்சினை என்று. 2001-இல் பிரிட்டனில் மைக்கேல் டேவிஸும் சகாக்களும் ஐஸ் நிரம்பிய விரிசல்கள் உள்ள மாதிரிச் சரிவைச் சோதித்தார்கள். உருகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. மைனஸ் ஒன்றரை டிகிரிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவிலேயே அந்த ஐஸ் பலம் இழந்துவிடுகிறது. ஐஸே இல்லாத சரிவு நிற்கக்கூடிய இடத்தில்கூட, இந்த வெதுவெதுப்பான ஐஸ் உள்ள சரிவு சரியலாம். தெர்மாமீட்டர் இன்னும் மைனஸ் காட்டும். மலை அதற்குள் முடிவு பண்ணியிருக்கும்.

இப்போ கிரீன்லாந்துக்குப் போவோம்.

மேற்குக் கரையில் குல்லிசாட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர் இருந்தது. 1972-இல் சுரங்கத்தை மூடி மக்களை வெளியேற்றினார்கள். அந்த வெளியேற்றத்தின் கசப்பு கிரீன்லாந்து அரசியலில் ரொம்ப நாள் இருந்தது. 2000 நவம்பர் 21-ஆம் தேதி, ஜலசந்திக்கு எதிர்க்கரையில் பாட்டூட் என்ற மலைச்சரிவு இடிந்தது. சுமார் 9 கோடி கன மீட்டர். அதில் ஏறக்குறைய 3 கோடி கடலுக்குள் போனது. கிளம்பிய அலை 20 கிலோமீட்டர் தாண்டி குல்லிசாட்டின் காலி வீடுகளை அடித்து நொறுக்கியது. ஊரில் ஆள் இல்லாததால் சாவு இல்லை. அவ்வளவு கசப்போடு காலியான ஊர், அன்றைக்குக் காலியாக இருந்ததே அதிர்ஷ்டம்.

17 வருடம் கழித்து அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நூகாட்சியாக். மேற்குக் கிரீன்லாந்தில், ஒரு தீவில், நூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த கிராமம். மீன், சீல் வேட்டை, வண்ண வண்ண மர வீடுகள், ஒரு கடை. 2017 ஜூன் 17, சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை தாண்டிய நேரம். ராத்திரி என்று சொன்னாலும் ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையாது. ஊர் விழித்திருந்தது.

சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, கர்ராட் ஃபியோர்டின் கரையில், கடலுக்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்து மலையின் ஒரு பக்கம் பெயர்ந்தது. சுமார் 4.5 கோடி கன மீட்டர் பாறை கடலில் விழுந்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் 90 மீட்டர் உயரம் வரை கரையில் ஏறியது. கிராமத்துக்கு வரும்போது அலை ரொம்பவே தணிந்திருந்தது. ஆனாலும் 11 வீடுகளை அடித்துக்கொண்டு போக அது போதும். நாலு பேர் இறந்தார்கள். கரையில் நின்ற சிலர் எடுத்த வீடியோக்கள் இணையத்தில் இருக்கு. முதலில் கடலை ஏதோ விசித்திரம் மாதிரி பார்த்துட்டு நிற்கிறாங்க, அப்புறம் ஓடறாங்க. என்னால் ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

நில அதிர்வுக் கருவிகள் அதை 4.1 ரிக்டர் நிலநடுக்கம் மாதிரி பதிவு செய்தன. முதலில் நிலநடுக்கம் வந்து மலை விழுந்ததோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம் புரிந்தது, மலை விழுந்ததே அந்த அதிர்வு.

எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் இதற்கு அடுத்தது. நில அதிர்வை அளக்கும் ஒரு நிலையம் நூகாட்சியாக் கிராமத்துக்குள்ளேயே இருந்தது. மலை விழுந்த பிறகு பியரோ போலி என்ற ஆய்வாளர் அந்த நிலையத்தின் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். விழுவதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே குட்டிக் குட்டி அதிர்வுகள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நேரம் போகப் போக ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் மலை. வழுக்கிக்கொண்டிருந்த பாறை, சிக்கி, விட்டு, சிக்கி, விட்டு நகர்ந்த சத்தம் அது. கிராமத்தின் நடுவில் இருந்த கருவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அந்த நேரத்தில் அப்படிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கருவி அங்கே வைக்கப்பட்டது வேறு வேலைகளுக்காக.

டென்மார்க்கின் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஸ்வென்னெவிக்கும் சகாக்களும் பழைய செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். கர்ராட் சரிவில் 2009-லும் 2016-லும் ஏற்கனவே சரிவுகள் நடந்திருந்தன. மலைக்குள் பெர்மாஃப்ராஸ்ட் பலவீனமாகிக்கொண்டிருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் பார்க்கிறார்கள். இங்கே நான் கொஞ்சம் நிதானமாப் பேசணும். ஒரே ஒரு மலை விழுந்ததற்கு புவி வெப்பமாதல்தான் காரணம் என்று விரல் நீட்டுவது சுலபம் இல்லை. மலைகள் எப்பவும் விழுந்துகொண்டுதான் இருந்தன. பாறையின் அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பழைய பிளவு எங்கே ஓடுகிறது, எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. ஆனால் பிடித்து வைத்திருந்த பசை இளகினால் விழக் காத்திருப்பவை வரிசையில் முன்னால் வரும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ராப்பின் அந்த ஏ4 தாளை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? வருடத்துக்கு ஒரு தாள் என்பது அவர் அங்கே இருந்த எட்டு வருடத்தின் சராசரி. எட்டு வருடம் கல் எண்ணினாலும், பல ஆயிரம் வருடத்தில் ஒரு தடவை வரும் ராத்திரியை எண்ண முடியாது. அது அவர் தப்பு இல்லை. கர்ராட்டுக்கும் யாரோ அப்படி ஒரு சராசரி போட்டிருந்தால், ஜூன் 16 வரை அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் 2023. செப்டம்பர் 16-இல் இருந்து உலகம் முழுக்க நில அதிர்வு நிலையங்களில் ஒரு விசித்திரமான துடிப்பு. 92 நொடிக்கு ஒரு தடவை. நிலநடுக்கம் மாதிரி படபடப்பு இல்லை, ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். 9 நாள் நிற்கவில்லை. என்னவென்று தெரியாமல், பறக்கும் தட்டு மாதிரி, "அடையாளம் தெரியாத அதிர்வுப் பொருள்" என்று ஆய்வாளர்கள் விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். 15 நாடுகளைச் சேர்ந்த 68 பேர் சேர்ந்து துப்பு துலக்கி, 2024 செப்டம்பரில் விடை சொன்னார்கள். கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் 1.2 கிலோமீட்டர் உயர மலைமுகடு ஒன்று இடிந்து, 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் தண்ணீரில் விழுந்திருந்தது. 200 மீட்டர் உயர அலை. பிறகு அந்த ஒடுங்கிய ஃபியோர்டுக்குள்ளேயே தண்ணீர், வாளியில் ஆடுவது போல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் 9 நாள் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பூமியே உணர்ந்தது.

அங்கே காரணம் கொஞ்சம் வேறு. மலையின் அடியில் ஒரு பனியாறு முட்டுக்கொடுத்து நின்றது. பல பத்தாண்டுகளாக அது மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் முட்டு போதவில்லை. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி எல்லா தீவில் இருந்த ராணுவ நிலையத்தில் சேதம். அப்போது அங்கே ஆள் இல்லை. அந்தப் பக்கம் சுற்றுலாக் கப்பல்கள் போகும் வழி. அன்றைக்குக் கப்பலும் இல்லை.

அப்போ என்னதான் செய்வது? நார்வேயில் செய்கிறார்கள். அங்கே காயம் பழையது. 1934 ஏப்ரலில் டாஃப்யோர்டில் மலை சரிந்து அலை எழுந்து 40 பேர் இறந்தார்கள். 2015-இல் வந்த "தி வேவ்" படம் பார்த்தவங்களுக்கு இந்தச் சூழல் தெரியும். இன்று நார்வேயின் ஆர்க்டிக் பகுதியில், லிங்கன் ஃபியோர்டுக்கு மேலே நோர்ட்னெஸ் என்ற மலையை, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகரும் அந்த மலையை, ரேடார், லேசர், சாய்வுமானி எல்லாம் வைத்து இரவு பகல் கண்காணிக்கிறார்கள். வேகம் கூடினால் கீழே இருக்கும் ஊர்களுக்கு எச்சரிக்கை போகும்.

கிரீன்லாந்தில் அப்படி ஒவ்வொரு மலைக்கும் ஆள் வைக்க முடியாது. கரை அவ்வளவு நீளம், மக்கள் தொகை 60,000-க்கும் குறைவு. கர்ராட்டில் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் நகரும் சரிவுகள் இருக்கின்றன. அதனால் நூகாட்சியாக் மக்களும், பக்கத்து ஊரான இல்லோர்சூட் மக்களும் அந்த வாரமே வெளியேற்றப்பட்டார்கள். பலர் உம்மன்னாக் நகரத்துக்குப் போனார்கள். போட்டது போட்டபடி, நாய்களையும் படகுகளையும்கூட விட்டுவிட்டு. திரும்பிப் போய் வாழ அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வீடுகள் அங்கேயே நிற்கின்றன. எதிரே அந்த மலையை இப்போது செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்னைக்கு இவ்வளவுதான். கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம். அதுவரை ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டில் வைக்காதீங்க, வைச்சா மூடியைத் திறந்து வைங்க.